"மறுகா எப்ப போற?": வெளிநாட்டை முடித்துக்கொண்டு வருகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மட்டக்களப்பு மாவட்டத்தில் எங்கள் களுவாஞ்சிக்குடிச் சந்தையில் பஸ்ஸை விட்டு இறங்கிப் பத்தடி நடப்பதற்குள் யாராவது ஒரு பெரியம்மா கேட்டுவிடுவார்: "எப்ப வந்த மகன்? மறுகா எப்ப போற?" மறுகா என்றால் மறுபடி. லீவில் வந்திருந்தால் சொல்ல ஒரு திகதி இருக்கும். முடித்துக்கொண்டு வந்தவனிடம் ஒன்றும் இருக்காது. கட்டாரில் பதினொரு வருடம் ஒரு கட்டட கம்பனியில் ஸ்டோர் கீப்பராக இருந்துவிட்டு 2023இல் வந்தபோது இந்தக் கேள்விக்குப் பயந்தே இரண்டு கிழமை சந்தைப் பக்கம் தலைகாட்டவில்லை, மீன் வாங்கக்கூட மனைவிதான் போனா. நானும் என்னோடு வந்தவர்களும் செய்த பிழைகளை இப்போது எண்ணிப் பார்த்தால், பாதி அங்கேயே புறப்படும் அவசரத்தில் செய்தவை, மீதிப் பாதி ஊருக்கு வந்து இந்தக் கேள்விக்கு ஒரு பதில் காட்டப் போய்ச் செய்தவை. அங்கே செய்தவற்றை முதலில் சொல்கிறேன். விமானம் ஏறிய பிறகு அவற்றைத் திருத்துவது பெரும்பாடு.

கட்டாரில் நடந்த உதைபந்தாட்ட உலகக் கிண்ணம் 2022 டிசம்பரில் முடிந்தது. சைட்டுகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வந்தன, ஆட்களைக் குறைக்கப்போகிறார்கள் என்று மெஸ்ஸில் கதை. நிற்பாட்டுவார்களா, வேறு சைட்டுக்கு மாற்றுவார்களா, தெரியாது. அப்படியான ஒரு இரவில் கட்டிலில் படுத்துக்கொண்டு போனில் கணக்குப் போட்டேன். சம்பளம் 2,800 ரியால், வேலை முடியும்போது கம்பனி தரும் கிராஜுவிட்டி வருடத்துக்கு மூன்று கிழமைச் சம்பளம், பதினொரு வருடம், ஆக 21,560 ரியால். ரியால் 100 ரூபாய் என்று பெருக்கினால் 21 இலட்சத்துக்கு மேல். அந்தக் காசில் வளவுக்கு மதிலும் முன்பக்கம் ஒரு கடையும் மனதுக்குள்ளேயே கட்டி முடித்துவிட்டுத்தான் நித்திரை கொண்டேன்.

அதில் இரண்டு பிழை. கட்டார் தொழிற்சட்டம் சொல்லும் மூன்று கிழமை அடிப்படைச் சம்பளத்தில்தான். என்னுடைய அடிப்படை 1,500, மற்றதெல்லாம் சாப்பாட்டுக் காசும் ஓவர்டைமும். ஒரு நாளைக்கு 50 ரியால், 21 நாள், 11 வருடம்: 11,550 ரியால். கதை அதோடு முடியவில்லை. 2023 மார்ச் தொடக்கத்தில் டொலர் 360 ரூபாயைச் சுற்றி நின்றது, ஜூன் மாதம் 300க்குக் கீழே வந்துவிட்டது. கட்டார் ரியாலை டொலருக்கு 3.64 என்று கட்டிவைத்திருக்கிறார்கள், டொலர் இறங்கினால் அதுவும் கூடவே இறங்கும். 100 ரூபாய் 82 ரூபாய் ஆனது. கட்டிலில் 21 இலட்சமாக இருந்தது கைக்கு வரும்போது ஒன்பதரை இலட்சம்கூட இல்லை. கடை போனது, மதில் பாதியில் நிற்கிறது.

ஆகவே ஒப்பந்தத்தை எடுத்து 'அடிப்படைச் சம்பளம்' என்று எழுதியிருக்கும் அந்த ஒரு வரியைப் பாருங்கள். நாட்டுக்கு நாடு கணக்கு வேறு. எமிரேட்ஸில் முதல் ஐந்து வருடத்துக்கு வருடம் 21 நாள் அடிப்படைச் சம்பளம், அதற்குப் பிறகு 30 நாள். சவூதியில் முதல் ஐந்து வருடத்துக்கு அரை மாதச் சம்பளம், பிறகு ஒரு மாதம். ஆனால் சவூதியில் நீங்களாக எழுதிக்கொடுத்து விலகினால் இரண்டு வருடத்துக்குள் ஒன்றுமில்லை, ஐந்துக்குள் மூன்றில் ஒரு பங்கு, பத்துக்குள் மூன்றில் இரண்டு பங்கு, பத்து நிறைந்தால்தான் முழுசு. ஒன்பது வருடமும் பத்து மாதமும் வேலை செய்துவிட்டு மேற்பார்வையாளரோடு கோபித்துக்கொண்டு கடிதம் கொடுத்த ஒரு ஆளை எனக்குத் தெரியும். இரண்டு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தால் போதும், அந்த மூன்றில் ஒரு பங்கும் கிடைத்திருக்கும். இன்றைக்கும் அந்தக் கதையை எடுத்தால் எழும்பிப் போய்விடுவார்.

எடுக்காத லீவுக்கும் காசு உண்டு, ஊருக்கு வரும் டிக்கெட்டும் கட்டாரில் கம்பனியின் பொறுப்பு. இதைவிட முக்கியம், காசு வருவதற்கு முன்பு 'எல்லாம் பெற்றுக்கொண்டேன்' என்ற தாளில் கையெழுத்து வைக்காதீர்கள். நாளைக்கு பிளைட், இன்றைக்குப் பின்னேரம் அந்தத் தாளை நீட்டுவார்கள், நாமும் வீட்டு நினைப்பில் வைத்துவிடுவோம். ஒப்பந்தம் முடிந்து ஒரு வருடத்துக்குள் கேட்காவிட்டால் கட்டார் சட்டப்படி உரிமை போய்விடும், அந்த ஒரு வருடத்தையும் இங்கிருந்து கோல் எடுத்து எடுத்தே கழித்தவர்கள் இருக்கிறார்கள்.

சின்னப் பிழை ஒன்று, ஆனால் நான் அழாத குறை. கடைசிச் சம்பளம் அங்குள்ள வங்கிக் கணக்கில் விழட்டும், ஊருக்கு வந்து போனிலேயே அனுப்பிக்கொள்ளலாம் என்று விட்டுவந்தேன். சிம்மை அறையில் இருந்த ஒரு பெடியனுக்குக் கொடுத்தாகிவிட்டது. காசு அனுப்பப் போனால் வங்கி அனுப்பும் ரகசிய இலக்கம் அந்தச் சிம்முக்குத்தான் போகிறது. பெடியன் இரவு வேலை, பகலில் நித்திரை, அந்த இலக்கத்தின் ஆயுளோ சில நிமிடம். மூன்று நாள் இந்த விளையாட்டு. விசா கேன்சல் ஆன பிறகு கணக்கையே வங்கி முடக்கிவிடவும் கூடும், அதனால் பிளைட்டுக்கு முன்பே கணக்கைத் துடைத்துவிடுங்கள். கிரெடிட் கார்ட், லோன், போன் பில், எதுவும் பாக்கி வேண்டாம். பாக்கி இருக்கிறது என்று விமான நிலையத்தில் வைத்துத்தான் தெரிய வருகிற ஆட்களும் உண்டு.

அடுத்தது கடிதம். எனக்கு விசாவில் தொழில் 'லேபர்'. பதினொரு வருடமும் சாமான் கணக்கு எழுதினாலும் தாளில் நான் கூலிதான். நம் ஆட்களில் பாதிப் பேருக்கு இந்தக் கதிதான், வெல்டிங் செய்தவன் விசாவில் கிளீனர், கிரேன் ஓட்டியவன் ஹெல்பர். வேலை முடியும்போது கேட்டால் சேவைச் சான்றிதழை இலவசமாகத் தர வேண்டும் என்று கட்டார் சட்டத்தில் இருக்கிறது, அதைக் கேட்காமல் வந்தால் பதினொரு வருடத்துக்கும் அத்தாட்சி கிடையாது. கேட்கும்போது 'நன்றாக வேலை செய்தார், நல்ல பழக்கம்' என்று எழுத விடாதீர்கள். என்ன வேலை, எந்த மெஷின், எத்தனை பேரை மேய்த்தீர்கள் என்று எழுதச் சொல்லுங்கள், தேவைப்பட்டால் நீங்களே டைப் செய்துகொண்டு போய்ச் சீல் மட்டும் வாங்குங்கள். இந்தக் கடிதத்துக்கு இங்கே ஒரு வேலை இருக்கிறது. வகுப்புக்குப் போய்ப் படிக்காமல் செய்து பழகிய தொழிலுக்கு, முன் அனுபவத்தை மதிப்பிட்டு என்.வி.கியூ. என்ற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் தரும் முறை இலங்கையில் உண்டு, அரசாங்கத்தின் தொழிற்பயிற்சி நிறுவனமான நைட்டாவில் கேட்டால் சொல்வார்கள். மேசன், பிளம்பர், எலக்ட்ரீசியன், வெல்டர் எல்லாருக்கும் இது உதவும், மறுபடி வெளிநாடு போக நேர்ந்தாலும் உதவும். குற்றப் பதிவு இல்லை என்று தரும் பொலிஸ் அறிக்கையையும் அங்கே இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். வந்த பிறகு கைரேகை, தூதரகம் என்று இழுபடும்.

சரி, ஊருக்கு வந்தாச்சு. அந்தப் பெரியம்மா கேட்கிறார். என்ன செய்யப்போகிறோம் என்று உண்மையிலேயே தெரியாது. தெரியாமல் இருப்பதில் பிழையே இல்லை, ஆனால் தெரியாது என்று சொல்ல வெட்கம், அந்த வெட்கத்தில் ஆள் ஒரு சாமானை வாங்கிவிடுவான். பெரும்பாலும் வேன். வாசலில் வேன் நின்றால் யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள் பாருங்கள், அதுதான் பதில். என்னோடு வந்த ஒரு மச்சான் வாகன இறக்குமதி தடைப்பட்டிருந்த காலத்தில், பழைய வேனுக்கே தீ விலை இருந்தபோது, பாதிக் காசும் பாதி லீசிங்குமாக ஒன்றை எடுத்தார். பள்ளிக்கூட ஓட்டம், கல்யாண ஓட்டம், கதிர்காமப் பயணம், எல்லாம் கணக்கில் இருந்தது. பள்ளிக்கூட லீவும் மழைக்காலமும் கணக்கில் இல்லை. லீசிங்காரனுக்கு லீவும் இல்லை மழையும் இல்லை. 2025 பெப்ரவரியில் இறக்குமதி மறுபடி திறந்தபோது அவர் கையில் வேனும் இல்லை.

காலம் பார்க்காத பிழை நம் பகுதியில் கூடுதலாக உறைக்கும். பெரும்போகத்தில் விதைத்தால் காசைக் காண்பது மாசி, பங்குனி ஆகும். அதுவரை உழவு, விதை, உரம் எல்லாம் கைக்காசு. சம்மாந்துறைப் பக்கம் குத்தகைக்கு வயல் எடுத்துவிட்டு அடுத்த மாதமே வீட்டுச் செலவுக்குக் கை நீட்டியவர்கள் உண்டு. அறுகம்பையில் இரண்டு அறை போட்டு வெள்ளைக்காரருக்கு விடலாம் என்றால் அங்கே அலைச்சறுக்குக் காலம் சித்திரையிலிருந்து புரட்டாதி வரைக்கும்தான், கார்த்திகை மார்கழியில் மழையும் நீங்களும் மட்டும். மாதம் பிறந்தால் சம்பளம் என்று பத்து வருடம் பழகின உடம்புக்கு இது லேசில் பிடிபடாது.

நிரந்தர வைப்பு வட்டியில் சாப்பிடலாம் என்பவர்களுக்கு ஒரு கணக்கு. 2022 கடைசியில் சில வங்கிகள் 20 வீதத்துக்கு மேல் கொடுத்தன; 20 இலட்சம் போட்டவனுக்கு மாதம் 33 ஆயிரம். அதை நம்பி முடித்துக்கொண்டு வந்தவர்கள் இருக்கிறார்கள். 2024இல் வட்டி 8 வீதமளவுக்கு வந்தது, 33 ஆயிரம் 13 ஆயிரமானது. 2025 ஏப்ரலிலிருந்து அதிலும் 10 வீதம் வரி. வட்டியை மேலதிகமாக வைத்துக்கொள்ளுங்கள், அரிசிக்கும் கரண்ட் பில்லுக்கும் அதை நம்ப வேண்டாம். கொண்டுவந்த வெளிநாட்டுக் காசை ஒரே நாளில் ரூபாயாக்கவும் தேவையில்லை, வெளிநாட்டு நாணயக் கணக்கில் போட்டுவைத்துத் தேவைக்கு மாற்றலாம். ரூபாய் மேலே போகுமா கீழே போகுமா என்று எனக்குச் சொல்லத் தெரிந்திருந்தால் அந்த 82 ரூபாய்க்கு மாற்றியிருக்கமாட்டேன்.

சொல்லக் கொஞ்சம் சங்கடமான ஒன்றும் இருக்கிறது. மட்டக்களப்பில் வீடு பெண் பிள்ளைக்கு, கல்யாணம் முடித்தவன் பெண் வீட்டுக்குப் போவான். நானும் முதல் ஐந்து வருடக் காசில் தங்கச்சிக்கு வீடு கட்டினேன், எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் என் மனக்கணக்கில் அந்த வீடும் 'நான் சேர்த்தது' என்று இருந்தது. இருக்கிற வீடோ மனைவியின் பெயரில், அதுவும் பெர்மிட் காணி, அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்தது. சொந்தப் பத்திரம் உள்ள உறுதிக் காணியைப் போல அதை வங்கியில் ஈடு வைக்க முடியாது. ஆகவே கடன் எடுத்துத் தொழில் செய்வோம் என்று திட்டம் போடுகிறவர்கள், புறப்பட முதல் எந்தக் காணி யார் பெயரில், உறுதியா பெர்மிட்டா என்று வீட்டில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கேட்கும்போதே வீட்டில் ஓடுகிற சீட்டு, அடகில் இருக்கும் நகை, நுண்கடன் எல்லாவற்றையும் கேளுங்கள், ஆனால் கணக்குக் கேட்கிற குரலில் கேட்காதீர்கள். பதினொரு வருடம் அந்த வீட்டை ஓட்டியது அவ. வந்த இரண்டாம் நாளே நான் கொப்பியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன், மூன்று நாள் கதை இல்லை.

மூன்றாம் நான்காம் மாதம் காசு கரையும்போது ஏஜென்சிக் கதவு தெரியும். போலந்து, ருமேனியா என்று இலட்சக்கணக்கில் கேட்பார்கள். காசு கொடுக்க முதல் அந்த ஏஜென்சிக்கு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் உரிமம் இருக்கிறதா, குறிப்பாக அந்த வேலைக்கு அனுமதி எடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். விசிட் விசாவில் போய் மாற்றிக்கொள்ளலாம் என்றால் எழும்பி வந்துவிடுங்கள்.

நானும் ஐந்தாம் மாதம் பாஸ்போர்ட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கல்முனைக்குப் போனேன். கண்ணாடியில் ஒட்டியிருந்த தாளில் ஸ்டோர் கீப்பர், 1,300 ரியால். நான் விட்டுவந்த அடிப்படையைவிட 200 குறைவு. வெளியே வந்து தேத்தண்ணி குடிக்க உட்கார்ந்த இடத்தில், பக்கத்து ஹாட்வெயார் கடையின் பின்னால் ஒரு பெடியன் பைப் பிட்டிங்ஸை நிலத்தில் கொட்டி ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தான். அரை இஞ்சியும் முக்கால் இஞ்சியும் ஒரே குவியலில். எனக்குப் பொறுக்கவில்லை, எழும்பிப் போய்ப் பிரித்துக் கொடுத்தேன். முதலாளி வந்து யார் நீங்கள் என்று கேட்டார். சட்டைப்பையில் பாஸ்போர்ட்டோடு மடித்து வைத்திருந்த அந்தச் சீல் வைத்த கடிதத்தை எடுத்துக் காட்டினேன். சம்பளம் கட்டாரில் வாங்கியதில் மூன்றில் ஒரு பங்குகூட வராது, பின்னேரம் ஆறரைக்கு வீட்டில் இருக்கிறேன்.