கடலோர வீட்ல ட்யூப் லைட் எரியலையா, முதல்ல ஹோல்டரை பாருங்க

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், கீழக்கரை, ஏர்வாடின்னு கடலை ஒட்டி குடியிருக்கிறவங்களுக்காக இதை எழுதுறேன். ட்யூப் லைட் எரியலைன்னா நேரா கடைக்குப் போயி புது ட்யூப் வாங்கிட்டு வந்து மாட்டுறோம், அதுவும் எரியாது, உடனே சோக் போச்சுன்னு அதையும் மாத்துறோம், காசு தான் போகுது. நம்ம பக்கம் பல வீட்ல ட்யூபும் சோக்கும் நல்லா தான் இருக்கும், ரெண்டு முனையில இருக்கிற ஹோல்டர்ல பச்சையா களிம்பு ஏறி கரண்ட் போகாம நிக்கும். உப்புக்காத்துல வர்ற உப்பு தகட்டுல படிஞ்சு ஈரத்தை இழுத்து வச்சுக்கிரும், அதுல பித்தளையும் செம்பும் அரிச்சுப் போயிரும். 1914ல தொறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தையே பெயிண்ட் அடிச்சு அடிச்சு தான் துருவுல இருந்து காப்பாத்த வேண்டியிருந்துச்சு, நம்ம வீட்டு பட்டி (ட்யூபை மாட்டுற சட்டம்) எம்மாத்திரம்.

கை வைக்கிறதுக்கு முன்னாடி மெயினை இறக்கிருங்க. சுவிட்சை மட்டும் ஆஃப் பண்ணா போதாது, ஏன்னா பழைய வயரிங்ல சில வீட்ல சுவிட்சை கரண்ட் வர்ற பேஸ் வயர்ல போடாம நியூட்ரல் வயர்ல போட்டிருப்பாங்க, ஆஃப் பண்ணாலும் பட்டியில கரண்ட் நிக்கும் (ராத்திரி ஆஃப் பண்ண பிறகும் ட்யூப் லேசா மினுக்கு மினுக்குன்னு தெரிஞ்சா இதுவா இருக்கலாம், எலக்ட்ரீசியனை கூப்பிட்டு சரி பண்ணிருங்க). இன்வெர்ட்டர் இருக்கிற வீடா இருந்தா அதையும் கட்டாயம் ஆஃப் பண்ணணும், மெயினை இறக்கின உடனே அது கரண்ட் குடுக்க ஆரம்பிச்சிரும், நிறைய பேரு இதை மறந்துர்றாங்க. டெஸ்டரை எரியிற பிளக்ல ஒரு தடவை வச்சுப் பாத்துட்டு, மெயினை இறக்கின பிறகு பட்டியிலயும் வச்சுப் பாருங்க. காலுல செருப்பு, காஞ்ச மர ஸ்டூல், ஈரக்கை கூடாது.

இப்ப ட்யூபை கால் வட்டம் திருப்பி மெதுவா கீழ இறக்குங்க. ரெண்டு பக்கமும் இருக்கிற பின்னை பாருங்க, கறுப்போ பச்சையோ படிஞ்சிருந்தா உப்புத்தாள் வச்சு தேய்ச்சு பளபளன்னு ஆக்கிருங்க. ஹோல்டர் உள்ள இருக்கிற தகட்டையும் அதே மாதிரி சுரண்டி, உள்பக்கமா அமுங்கிப் போயிருந்தா லேசா வெளிய நெம்பி விடுங்க. தகடு அரிச்சு நொறுங்குதுன்னா தேய்க்க வேணாம், ஹோல்டரையே மாத்துங்க, பெரிய விலை இல்ல. வயர் முனையும் பச்சையாகி இருக்கும், அந்த துண்டை வெட்டிட்டு உள்ள சிவப்பா நல்ல செம்பு தெரியிற வரைக்கும் சீவி மறுபடி முறுக்கி ஸ்க்ரூவை இறுக்குங்க. வாடைக்காத்து மழை முடிஞ்சதும் வருசத்துக்கு ஒரு தடவை இதை செஞ்சா நல்லது.

அதுக்கும் எரியலைன்னா அடுத்து பட்டியில சின்ன உருளையா சொருகியிருக்கிற ஸ்டார்ட்டர். ரெண்டு முனையும் செவப்பா எரிஞ்சு நடுவுல மட்டும் பத்தலைன்னா பெரும்பாலும் ஸ்டார்ட்டர் உள்ள ஒட்டிக்கிருச்சுன்னு அர்த்தம். அது வேலை என்னன்னா, முதல்ல ட்யூப் முனையை சூடாக்கி அப்புறம் சட்டுன்னு விடும், விடும்போது சோக் ஒரு பெரிய வோல்டேஜை தள்ளும், அதுல தான் ட்யூப் பத்துது. பத்தின பிறகு ஸ்டார்ட்டருக்கு வேலையே இல்ல. நல்லா எரியிற வேற பட்டியில இருந்து ஸ்டார்ட்டரை கழட்டி இதுல மாட்டிப் பாத்தா தெரிஞ்சிரும். எலக்ட்ரானிக் சோக் பட்டின்னா ஸ்டார்ட்டரே இருக்காது, தேடாதீங்க.

ட்யூப் முனை நல்லா கறுத்து விட்டு விட்டு எரிஞ்சா ட்யூபுக்கு வயசாயிருச்சு, மாத்திருங்க. ஆனா புது ட்யூபே கொஞ்ச நாள்ல கறுத்துப் போனா சோக் மேல சந்தேகப்படுங்க, உள்ள சுத்து ஷார்ட் ஆனா கரண்ட் அதிகமா போயி ட்யூபை தின்னுரும். கருகின வாடை வந்தா அந்த சோக்கை தொடவே வேணாம், புதுசு மாட்டுங்க, 36 வாட் ட்யூபுக்கு 36 வாட் சோக் தான். வெறும் உர்ருன்னு சத்தம் மட்டும்னா சோக்கோட ஸ்க்ரூவை இறுக்கிப் பாருங்க.

சாயங்காலம் மட்டும் பத்த மாட்டேங்குது, ராத்திரி லேட்டா போட்டா எரியுதுன்னா அது லோ வோல்டேஜ். 230 வர வேண்டிய இடத்துல 180க்கு கீழ இறங்கினா காப்பர் சோக் (ஸ்டார்ட்டர் வச்ச பழைய வகை) ட்யூப் பத்துறது கஷ்டம், அதுக்கு நீங்க பட்டியை நோண்டி பிரயோஜனம் இல்ல, மின்வாரியத்துல புகார் குடுங்க.

பட்டியே துருப்பிடிச்சு உதிர்ற நிலைமையில இருந்தா அதை ரிப்பேர் பண்ண செலவு பண்ணாம முழுசா எல்ஈடி பட்டியா பிளாஸ்டிக் பாடில வாங்கிருங்க, கடலோரத்துக்கு அது தான் தாங்கும்னு நான் நினைக்கிறேன். பழைய பட்டியிலேயே எல்ஈடி ட்யூப் மாட்டுறதுன்னா டப்பாவுல போட்டிருக்கிற வயரிங் படத்தை பாருங்க, ஒவ்வொண்ணுக்கும் ஒவ்வொரு மாதிரி.

கழட்டுன பழைய ட்யூபை கடற்கரையில வீசாதீங்க, உள்ள பாதரசம் இருக்கு, புள்ளைங்க கால்லயும் கண்ணாடி குத்திரும். வீட்ல உடைஞ்சுட்டா ஜன்னலை தொறந்து விட்டு கொஞ்ச நேரம் எல்லாரும் வெளிய நில்லுங்க, அப்புறம் விளக்குமாறு போடாம கெட்டி அட்டையில அள்ளி, ஈரத்துணியால தொடச்சு, எல்லாத்தையும் கவர்ல கட்டி குப்பை வண்டிக்காரங்ககிட்ட உடைஞ்ச ட்யூப்னு சொல்லியே குடுங்க.