லாப்டொப்புக்குள் சில்வண்டு: என் அனுபவம்

கொக்குவிலில் இரவு பத்து மணிக்குப் பிறகு ஒழுங்கை அடங்கிவிடும். அப்போதுதான் என் கேமிங் லாப்டொப்பின் கீச்சுச் சத்தம் காதில் குத்தும். முதலில் ஃபானைச் சந்தேகப்பட்டுத் தூசு தட்டினேன்; மாறவில்லை. பிறகு கவனித்தால், விளையாடும்போதைவிட மெனு திரையில்தான் சத்தம் அதிகம். அங்கே நொடிக்கு 400 பிரேம், அதாவது 400 திரைப் படங்கள், வீணாக ஓடிக்கொண்டிருந்தது! இப்படிப் பிரேம்கள் ஓடும்போது மின்னோட்டம் ஏறி இறங்க, போர்டிலுள்ள கம்பிச்சுருள்கள் அதிரும். 'கொயில் வைன்' என்பார்கள். ஆபத்தில்லை. பிரேமை 60க்குக் கட்டுப்படுத்தினேன், கீச்சு அடங்கியது.

ஸ்பீக்கரில் கேட்ட 'ம்ம்' இரைச்சல் வேறு கதை. சார்ஜரைக் கழற்றினால் நிற்கும்; மாட்டிவிட்டு உலோக மூடியைத் தொட்டால் விரல் லேசாகச் சுள்ளென்னும். எர்த் இல்லாத பழைய எக்ஸ்டென்ஷன் வயர்தான் காரணம். சுவரிலுள்ள மூன்று முள் பிளக்கில் நேரே மாட்டியதும் சரி. அந்த வயரை அம்மா கிணற்று மோட்டருக்குக் கேட்டா, கொடுக்கவில்லை.