ஊட்டிக் குளிரில் கார் ஓட்ட: கண்ணாடியில் ஆவி படிந்தால் முதலில் ஏசியைப் போடுங்கள்

டிசம்பர், ஜனவரியில் காரில் ஊட்டி வருகிறவர்களுக்காக இது. இ-பாஸ், ஆயில், பிரேக் எல்லாம் நீங்களே பார்த்துவிடுவீர்கள், அதனால் நேராகக் குளிர் விஷயத்துக்கு வருகிறேன்.

இரவில் மேகமே இல்லாமல் நட்சத்திரம் பளிச்சென்று தெரிந்தால் விடியும்போது உறைபனிதான். தலைகுந்தா, காந்தல் மாதிரித் தாழ்வான இடங்களில் குளிர்காற்று இறங்கித் தேங்குவதால் அங்கே இன்னும் அதிகம். வண்டியைக் கூரைக்கடியில் விடுங்கள். இல்லையென்றால் முன்கண்ணாடி மேல் ஒரு பழைய போர்வையைப் போட்டு வைப்பரைத் தூக்கி நிறுத்திவிடுங்கள். காலையில் கண்ணாடியில் வெந்நீர் மட்டும் ஊற்றாதீர்கள், விரிசல் விட்டுவிடும். காலாவதியான ஏடிஎம் கார்டால் சுரண்டினாலே போதும், இதற்கென்று விற்கும் சாமான் எதுவும் தேவையில்லை.

டயர் காற்றைக் காலையில் வண்டியை எடுப்பதற்கு முன்னால் பாருங்கள். 10 டிகிரி குறைந்தால் சுமார் 2 பிஎஸ்ஐ இறங்கும். சொந்தமாக ஒரு கேஜ் வைத்துக்கொள்வது நல்லது.

இனி நான் மாட்டிக்கொண்ட இடம். கேத்தி பக்கம் ஒரு ராத்திரி, சாரல் மழை, வண்டிக்குள் ஐந்து பேர், எல்லார் ஸ்வெட்டரும் ஈரம். திடீரென்று கண்ணாடி உள்பக்கம் வெள்ளையாகிவிட்டது. நான் ஹீட்டரை முழுசாக வைத்து, குளிர் வரக் கூடாதென்று வெளிக்காற்றையும் அடைத்தேன். இன்னும் மோசமானது, வளைவே தெரியவில்லை, பயந்துபோய் ஓரங்கட்டினேன். நம் மூச்சிலும் துணியிலும் இருக்கிற ஈரம்தான் குளிர்ந்த கண்ணாடியில் படிகிறது, அதை உள்ளேயே சுற்றவிட்டால் எங்கே போகும்? ஏசி என்றால் குளிர் என்று நினைக்கிறோம், ஆனால் காற்றில் இருக்கிற ஈரத்தைப் பிழிந்து வெளியே விடுவதே அதுதான். அதனால் ஏசியைப் போடுங்கள், வெப்பநிலைத் திருகைச் சூட்டுப் பக்கம் திருப்புங்கள், காற்றை முன்கண்ணாடிக்கு விடுங்கள், உள்காற்றையே சுற்றவிடும் ரீசர்குலேஷனை அணைத்து வெளிக்காற்றை உள்ளே எடுங்கள். ஓரிரு நிமிடத்தில் தெளிந்துவிடும். கையால் துடைக்காதீர்கள், எண்ணெய்ப்பசை ஒட்டி எதிர்வண்டி வெளிச்சத்தில் கண் கூசும். மைக்ரோஃபைபர் துணி ஒன்று டேஷ்போர்டில் இருக்கட்டும்.

சாலையில் மூடுபனி இறங்கியிருக்கும்போது ஹை பீம் போட்டால் வெள்ளைச் சுவர்தான் தெரியும். டிம் லைட்டும் ஃபாக் லேம்ப்பும் போதும், இடதுபக்கக் கோட்டைப் பிடித்துப் போங்கள். நாலு இண்டிகேட்டரையும் எரியவிட்டு ஓட்டாதீர்கள், நீங்கள் எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள் என்று பின்னால் வருகிறவருக்குத் தெரியாது.

இறக்கத்தில் ஏறின கியரிலேயே இறங்குங்கள். ஊட்டி 2,240 மீட்டர் உயரம், குன்னூர் வழியாக மேட்டுப்பாளையம் போய்ச் சேருகிற வரை பிரேக்கையே மிதித்துக்கொண்டிருந்தால் அது சூடேறிப் பிடிக்காமல் போய்விடும். கருகின வாடை வந்தால் நிறுத்தி ஆறவிடுங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள்.

பின்சேர்க்கை: ஏசி இல்லாத பழைய வண்டிக்கு என்ன வழி என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். முன்னால் ஒரு ஜன்னல், எதிர்ப்பக்கம் பின்னால் ஒரு ஜன்னல், இரண்டையும் இரண்டு விரல்கடை இறக்கிவிட்டு, புளோயரைக் கண்ணாடிக்குத் திருப்புங்கள். குளிரும், ஆனால் சாலை தெரியும். ஈரக் குடையையும் ஜெர்கினையும் டிக்கியில் போட்டுவிடுங்கள்.