உதவியை எங்கே நிறுத்துவது: வீட்டில் பராமரிப்பவர்களுக்கான ஆக்குபேஷனல் தெரபி வழிகாட்டி

பக்கவாதத்திலிருந்து மீண்டு வரும் கணவருக்கு மனைவி சட்டை போட்டுவிட்டால் இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். அவரே போட்டுக்கொள்ள முயன்றால் இருபது நிமிடம் ஆகும், நடுவில் எரிச்சலும் வரும். காலை நேர அவசரத்தில் பெரும்பாலான வீடுகள் முதல் வழியையே தேர்ந்துகொள்கின்றன. அதைக் குறை சொல்லவும் முடியாது. ஆனால் இப்படி ஒவ்வொரு வேலையாக அவர் கையைவிட்டுப் போய்க்கொண்டே இருந்தால், நோய் விட்டுவைத்த திறனையும் பழக்கமின்மை கொண்டுபோய்விடும். எந்த இடத்தில் கை கொடுப்பது, எந்த இடத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது என்பதை ஆளுக்கும் வேலைக்கும் ஏற்பத் தீர்மானிப்பதே ஆக்குபேஷனல் தெரபியில் பராமரிப்பவர்கள் கற்றுக்கொள்ள வேண்டிய முதல் பாடம்.

பிசியோதெரபி முதன்மையாகத் தசையின் வலிமை, மூட்டின் அசைவு, நடை ஆகியவற்றைக் கவனிக்கிறது. ஆக்குபேஷனல் தெரபியோ, இருக்கும் உடலையும் மனத்தையும் வைத்துக்கொண்டு ஒருவர் குளிப்பது, உண்பது, உடுத்துவது, எழுதுவது, விளையாடுவது, பிழைப்புக்குப் போவது ஆகியவற்றை எப்படி நடத்துவார் என்று கேட்கிறது. இந்தியாவில் இதற்கான முதல் பயிற்சிப் பள்ளியை 1950-ல் மும்பையில் கமலா நிம்ப்கர் தொடங்கினார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் மேரி வர்கீஸ், 1954-ல் நேர்ந்த விபத்தில் இரு கால்களும் செயலிழந்த பிறகு, சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பின்னர் அங்கே மறுவாழ்வு மருத்துவத் துறைக்குத் தலைமையேற்றார். அவருக்குக் கால்கள் திரும்பவில்லை. செய்யும் முறை மாறியதால் தொழில் திரும்பியது.

முதலில் பார்க்க வேண்டும்

எந்த வேலையில் சிக்கல் இருக்கிறதோ, அதை ஒரு முறை உதவாமல் முழுமையாகப் பார்க்க வேண்டும். விழும் அபாயம் இருந்தால் மட்டும் பக்கத்தில் நின்றுகொள்ளலாம். “அப்பாவால் பல் துலக்க முடியவில்லை” என்பது ஒரு முடிவுதானே தவிர, கவனித்து அறிந்த செய்தி அல்ல. பல் துலக்குவதில் வாஷ்பேசின் வரை நடப்பது, நிற்பது, பேஸ்ட் மூடியைத் திறப்பது, பிதுக்குவது, பிரஷைப் பிடிப்பது, வாய்க்குள் எல்லாப் பக்கமும் நகர்த்துவது, கொப்பளிப்பது என்று பல படிகள் உண்டு. பெரும்பாலும் ஒன்றிரண்டு படிகளில்தான் வேலை நிற்கும். மூடியைத் திறக்க முடியாததால் நிற்கிறது என்று தெரிந்தால், மூடியைத் திறந்து வைத்துவிட்டு மற்றதை அவரிடமே விட்டுவிடலாம்.

தடைபடும் படி தெரிந்ததும் மாற்றக்கூடியவை மூன்று: இடமும் பொருளும், செய்யும் முறை, ஆளின் திறன். குடும்பங்கள் வழக்கமாக மூன்றாவதிலிருந்து தொடங்குகின்றன. கையில் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொல்கின்றன. முதலாவதிலிருந்து தொடங்குவதே நல்லது. திறன் வளர மாதங்கள் ஆகும், நாற்காலியை இடம் மாற்ற ஒரு நிமிடம் போதும்.

உதவிக்கும் படிகள் உண்டு. முதலில் பொறுத்திருக்க வேண்டும். மனத்துக்குள் பத்து எண்ணும் வரையாவது வாயைத் திறக்கக் கூடாது. பிறகு ஒரு குறுஞ்சொல், அதற்கும் நடக்கவில்லையென்றால் சைகை, பிறகு முழங்கையில் ஒரு தொடுதல், கடைசியாகவே அவர் கையின் மேல் நம் கையை வைத்துச் சேர்ந்து செய்வது. ஒரே படியில் வாரக்கணக்கில் நின்றுவிடாமல், குறைத்துக்கொள்ள முடிகிறதா என்று அவ்வப்போது சோதித்துப் பார்க்க வேண்டும். குழந்தைக்குப் புதிதாக ஒன்றைக் கற்பிக்கும்போது கடைசிப் படியிலிருந்து பின்னோக்கி வருவது நல்ல பலன் தரும்: டவுசரை முழங்கால் வரை நாம் ஏற்றிவிட்டு, இடுப்பு வரை இழுப்பதை மட்டும் குழந்தையிடம் விட்டால், “நான் போட்டேன்” என்ற நிறைவு அதற்கு முதல் நாளே கிடைத்துவிடும்.

பக்கவாதத்திற்குப் பின்

முதல் எச்சரிக்கை தோள்பட்டையைப் பற்றியது. செயலிழந்த கையைப் பிடித்து இழுத்து எழுப்புவது, அக்குளில் கை கொடுத்துத் தூக்குவது ஆகிய இரண்டும் நம் வீடுகளில் அன்றாடம் நடக்கின்றன. அந்தத் தோளைத் தாங்கும் தசைகள் தளர்ந்திருப்பதால் மூட்டு எளிதில் இறங்கிவிடும், பிறகு வரும் வலி மாதக்கணக்கில் பயிற்சியையே கெடுத்துவிடும். உட்காரும்போது அந்தக் கையைத் தலையணையின் மீதோ மேசையின் மீதோ தாங்கலாக வைக்க வேண்டும், தொங்கவிடக் கூடாது.

கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறும்போது நாற்காலியை நல்ல பக்கத்தில் போட வேண்டும். அவர் கட்டிலின் விளிம்புக்கு நகர்ந்து, இரு பாதங்களையும் தரையில் முழுதாகப் பதித்து, மூக்கு கால்விரல்களுக்கு நேர் மேலே வரும் அளவுக்கு முன்னால் குனிந்தால், எழுவதற்கான பாதி வேலையை உடல் எடையே செய்துவிடும். பின்னால் சாய்ந்தபடி இருப்பவரை மேல்நோக்கித் தூக்க முயல்வதால்தான் பராமரிப்பவரின் இடுப்பு பிடித்துக்கொள்கிறது.

உடையில் ஒரு விதியை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்: போடும்போது பலவீனமான கை முதலில், கழற்றும்போது நல்ல கை முதலில். அமர்ந்த நிலையில், சட்டையை மடியில் விரித்து, பலவீனமான கையை அதன் சட்டைக்கைக்குள் தோள் வரை ஏற்றிய பிறகே பின்பக்கமாகச் சுற்றிக் கொண்டுவர வேண்டும். ஆண்களுக்கு வெல்க்ரோ வைத்த வேட்டி வசதியாக இருக்கும். பெண்களுக்கு முன்பக்கம் திறக்கும் நைட்டியைத்தான் எல்லோரும் சொல்வார்கள், ஆனால் காலமெல்லாம் புடவை உடுத்திய அம்மாவுக்கு அது ஒரு இழப்பாகத் தோன்றலாம். முன்னரே மடிப்பு தைத்து வெல்க்ரோ வைத்த புடவையை உள்ளூர்த் தையற்காரரிடமே செய்துகொள்ள முடியும். ரவிக்கையின் கொக்கிகளையும் அப்படியே மாற்றிவிடலாம்.

சாப்பாட்டில் நம் பக்கத்துக்கே உரிய ஒரு சங்கடம் உண்டு. வலக்கை செயலிழந்தவர் இடக்கையால் உண்ணக் கூசுகிறார், வீட்டாரும் அதைப் பார்க்க விரும்பாமல் ஊட்டிவிடத் தொடங்குகிறார்கள். கழுவிய இடக்கையால் தாமே உண்பவர் ஊட்டிவிடப்படுபவரைவிட எல்லா வகையிலும் நல்ல நிலையில் இருக்கிறார் என்பதை வீட்டில் வெளிப்படையாகப் பேசிவிட வேண்டும். கரண்டி வைத்துக்கொண்டால் கூச்சம் பாதியாகக் குறையும். கரண்டிக் காம்பில் துணியோ ஸ்பாஞ்சோ சுற்றித் தடிமனாக்கினால் பிடி நழுவாது. தட்டுக்கு அடியில் ஈரத்துணியை மடித்துப் போட்டால் தட்டு நகராது. உயர்ந்த விளிம்புள்ள தட்டில் சோறு வெளியே தள்ளப்படாது. நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிட வேண்டும், முடித்த பிறகும் அரை மணி நேரமாவது படுக்கக் கூடாது. தண்ணீர் குடிக்கும்போது இருமலோ, குரலில் கரகரப்போ வந்தால், வீட்டு வைத்தியம் பார்க்காமல், விழுங்கும் திறனைச் சோதிக்க மருத்துவரிடமோ பேச்சுப் பயிற்சியாளரிடமோ அழைத்துச் செல்ல வேண்டும்.

தட்டின் இடப்பக்கத்துச் சோறு மட்டும் மீதியாகிறதென்றால் அது பிடிவாதமாக இல்லாமல் இருக்கலாம். மூளையின் வலப்பக்கம் பாதிக்கப்பட்ட சிலருக்கு இடப்பக்க உலகமே கவனத்தில் படுவதில்லை. கண் நன்றாக இருந்தும் அந்தப் பக்கத்தில் நிற்பவரை அவர்கள் காண்பதில்லை. தட்டின் இட விளிம்பில் சிவப்பு நாடா ஒட்டி, “அந்தச் சிவப்பைத் தேடுங்கள்” என்று பழக்கலாம். பேசுகிறவர்கள் சிறிது சிறிதாக இடப்பக்கம் நகர்ந்து அமரலாம். ஆனால் தண்ணீர், அழைப்பு மணி போன்ற அவசரப் பொருள்கள் அவருக்குத் தெரியும் பக்கத்திலேயே இருக்கட்டும்.

குளியலறைதான் அதிகம் விழும் இடம். ஈரத் தரையில் வழுக்கும் பிளாஸ்டிக் நாற்காலிக்குப் பதில், கால்களில் ரப்பர் புஷ் உள்ள கனமான ஸ்டூல் வேண்டும். துண்டு தொங்கவிடும் கம்பி ஆள் எடையைத் தாங்காது. சுவரில் துளையிட்டுப் பொருத்திய கைப்பிடிக் கம்பிதான் தாங்கும். வெந்நீரின் சூட்டை உணர்ச்சி குறையாத கையால் பார்க்க வேண்டும். குந்தி அமரும் கழிப்பறை மட்டுமே உள்ள வீட்டில், நடுவில் துளையுள்ள கமோடு நாற்காலியை அதன் மேலேயே போட்டுவிட்டால் கட்டட வேலை எதுவும் தேவையில்லை.

பயிற்சிக்குத் தனியாகப் பொருள் வாங்க வேண்டியதில்லை என்றே நினைக்கிறேன். பட்டாணி உரிப்பது, கீரை ஆய்வது, சப்பாத்தி மாவு பிசைவது, துணி மடிப்பது ஆகியவற்றில் பலவீனமான கைக்குப் பிடித்துக்கொள்ளும் வேலையை மட்டும் கொடுத்தாலே அது பயிற்சிதான். பலகையில் இரண்டு துருப்பிடிக்காத ஆணிகளை அடித்து, உருளைக்கிழங்கை அதில் குத்தி நிறுத்தினால் ஒரே கையால் தோல் சீவலாம். சமையலறையே உலகமாக இருந்த ஒரு பெண்ணுக்கு, பிளாஸ்டிக் பந்தை அமுக்குவதைவிட ஒரு வேளைக் குழம்புக்குக் காய் நறுக்கித் தருவதில் இருக்கும் ஈடுபாடு வேறு.

குழந்தைகள்

மூளை முடக்குவாதத்தால் கால்கள் கத்திரிக்கோல் போலப் பின்னிக்கொள்ளும் குழந்தையைப் படுக்கவைத்த நிலையில் இரு கைகளிலும் ஏந்தித் தூக்குவதைவிட, கால்கள் விரிந்திருக்கும்படி இடுப்பில் வைத்துக்கொள்வது நல்லது. நம் தாய்மார்களுக்கு இது இயல்பாகவே வரும். எழுதவோ உண்ணவோ வேண்டுமானால் முதலில் இருக்கை சரியாக வேண்டும்: பாதங்களுக்கு அடியில் பலகை, முழங்கை மட்டத்தில் மேசை, இடுப்பு நழுவாமல் ஒரு பட்டை. உடம்பு ஆடிக்கொண்டிருந்தால், விழாமல் இருப்பதற்கே குழந்தையின் கவனம் முழுவதும் செலவாகிவிடும்.

ஆட்டிசம் உள்ள குழந்தை முடிவெட்டும்போது அலறுவதும், குறிப்பிட்ட ஒரு சட்டையைப் பிய்த்தெறிவதும் அடத்தால் மட்டும் வருவதில்லை. கழுத்தில் உரசும் லேபிள், மிக்சியின் இரைச்சல், ஈரச் சோற்றின் பதம் ஆகியவை சில குழந்தைகளுக்குத் தாங்க முடியாத உணர்ச்சிகளாக இருக்கின்றன. லேபிளை வெட்டி எடுப்பதும், மிக்சி போடும் முன் சொல்லிவிடுவதும், காலை வேலைகளைப் படங்களாக வரிசையில் ஒட்டி ஒவ்வொன்று முடிந்ததும் எடுக்கச் செய்வதும் செலவில்லாத வழிகள். எப்போது, எங்கே, எதற்குப் பிறகு கத்தல் வருகிறது என்று இரண்டு வாரம் குறித்து வைத்தால் காரணம் பெரும்பாலும் புலப்பட்டுவிடும்.

மறதி நோய்

இங்கே வழிமுறை சற்றுத் திரும்புகிறது. டிமென்ஷியாவில் புதிதாகக் கற்பிப்பதைவிட, பழகியதைக் காப்பாற்றுவதும் தவறு நேராமல் பார்த்துக்கொள்வதுமே நோக்கம். “நான் யார் சொல்லுங்கள்” என்று சோதிப்பதில் பயன் இல்லை, அவமானம்தான் மிஞ்சும். பொருள்கள் எப்போதும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். அலமாரியைத் திறந்துவிட்டுத் தேர்வு செய்யச் சொல்லாமல், இரண்டு உடைகளை மட்டும் எடுத்து வைக்க வேண்டும். வெள்ளைத் தட்டில் இட்லி கண்ணுக்குத் தெரியாமல் போகலாம், வாழை இலையில் அதே இட்லி பளிச்சென்று தெரியும். கழிப்பறைக் கதவுக்கு வேறு நிறம் பூசுவதும், இரவில் அங்கே சிறு விளக்கை எரியவிடுவதும், கேஸைச் சிலிண்டரிலேயே மூடி வைப்பதும் அவசியம். பூ கட்டிய கைகளுக்குப் பூவும், கணக்கு எழுதியவருக்கு நோட்டும் கொடுத்துப் பாருங்கள்; விளைவு சரியாக இருக்க வேண்டியதில்லை.

பராமரிப்பவரின் உடம்பும் நேரமும்

எல்லா வேலையையும் எல்லா நாளும் பராமரிக்கப்படுபவரே செய்ய வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. ஒரு நாளைக்கு ஒரு வேலையை, அவசரமில்லாத நேரத்தில், பயிற்சியாக வைத்துக்கொண்டு மற்றவற்றை நீங்களே செய்து முடிப்பது நியாயமான ஏற்பாடு. மாலையில் சட்டை மாற்றுவதைப் பயிற்சியாக்கினால் காலைப் பேருந்தைத் தவறவிட வேண்டியதில்லை. தூக்கும்போது முழங்காலை மடக்கி, ஆளை உங்கள் உடலோடு ஒட்டி நிறுத்தி, இடுப்பைத் திருப்பாமல் பாதங்களை நகர்த்தித் திரும்புங்கள். அசைய முடியாமல் படுத்திருப்பவரைப் பகலிலும் இரவிலும் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்ட வேண்டியிருப்பதால், இரவு முறையை வீட்டில் ஒருவரே சுமக்கக் கூடாது. இந்தப் பங்கீட்டை மருமகளிடமோ மூத்த மகளிடமோ தானாக விட்டுவிடாமல், எல்லோரையும் உட்கார வைத்துப் பேசி முடிவெடுக்க வேண்டும்.

எங்கே போவது, என்ன கொண்டுபோவது

பதினெட்டு வயது வரையிலான பிள்ளைகளுக்கு, வளர்ச்சிக் குறைபாடுகளைத் தொடக்கத்திலேயே கண்டறிந்து சிகிச்சை தரும் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டுச் சேவை மையங்கள் உள்ளன. சென்னையில் 1985-ல் தொடங்கிய வித்யாசாகரும், தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் 1981-ல் தொடங்கிய அமர் சேவா சங்கமும் இத்துறையில் நீண்டகாலமாகப் பணியாற்றுகின்றன. படுக்கையில் இருப்பவர்களுக்கு, 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் கீழ் பிசியோதெரபியும் நோய்த்தணிப்புச் சிகிச்சையும் வீட்டுக்கே வருகின்றன. 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொண்டுள்ளது. அவற்றுள் ஒன்று இருந்தால் மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டைக்கு (UDID) விண்ணப்பித்துவிடுங்கள். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு மத்திய அரசு அமைப்பான நேஷனல் டிரஸ்டின் நிராமயா மருத்துவக் காப்பீடு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை உண்டு.

தெரபிஸ்டிடம் முதல் முறை செல்லும்போது ஸ்கேன் படங்களுடன் வேறு சிலவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். உங்கள் பராமரிப்பில் இருப்பவர் கட்டிலிலிருந்து எழுவதையும் சாப்பிடுவதையும் கைபேசியில் எடுத்த ஓரிரு நிமிட வீடியோ, குளியலறையின் புகைப்படம், கதவின் அகலம், கட்டிலின் உயரம், வாசற்படிகளின் எண்ணிக்கை ஆகியவை இருந்தால் பொதுவான அறிவுரைக்குப் பதில் உங்கள் வீட்டுக்கான யோசனையே கிடைக்கும். மேலும், எந்த வேலையைத் தாமே செய்ய மிகவும் விரும்புகிறார் என்பதைப் புறப்படும் முன் அவரிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நீங்கள் நடையை எதிர்பார்த்திருக்கும்போது, சொந்தமாகச் சவரம் செய்துகொள்ள வேண்டும் என்று அவர் சொல்லக்கூடும். அப்படியானால் முதல் வாரத்துப் பயிற்சி சவரமாகவே இருக்கட்டும்.