கிறிஸ்துமஸ் ஒளிக்காட்சி: கன்ட்ரோலரின் நெட்வொர்க் இணைப்பு பழுதானால்

நீலகிரியில் கிறிஸ்துமஸ் விளக்குகள் டிசம்பரில்தான் கண்ணுக்குத் தெரியும் என்றாலும், கேபிள் இழுக்கும் வேலை வடகிழக்குப் பருவமழை பெய்துகொண்டிருக்கும் நவம்பரிலேயே தொடங்கிவிடுகிறது. ஆகவே, கோபுரத்திலும் குடிலிலும் கட்டிய பிக்சல் விளக்குகள் (ஒவ்வொன்றும் தனித்தனியே நிறம் மாறுபவை; நெட்வொர்க் வழியே வரும் தரவின்படி அவற்றை இயக்கும் பலகைதான் கன்ட்ரோலர்) அசையாமல் நின்றுவிட்டால், மழையிலும் மூடுபனியிலும் பல நாள் கிடந்த கேபிளையும் அதன் முனையிலுள்ள ஆர்.ஜே. 45 என்ற நெட்வொர்க் கனெக்டரையும்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். கோத்தகிரிப் பக்கத்து ஆலயம் ஒன்றில் இந்த வேலைக்கு உதவிவரும் நான், போர்டைக் கழற்றுவதைக் கடைசி வேலையாகவே வைத்துக்கொண்டிருக்கிறேன்.

பெரும்பாலான கன்ட்ரோலர்களில் உள்ளேயே ஒரு சோதனை முறை இருக்கும். அதை இயக்கினால் விளக்குகள் நிறம் மாறி எரிகின்றனவா என்று பாருங்கள். எரிந்தால் மின்சாரமும் விளக்குச் சரமும் சரியாக உள்ளன. தரவு வந்து சேரவில்லை என்பதே பொருள். அடுத்து, நெட்வொர்க் போர்ட்டில் உள்ள சிறு விளக்கைக் கவனியுங்கள். அது எரியாவிட்டால், நன்றாக வேலை செய்கிறது என்று உறுதியாகத் தெரிந்த ஒரு சிறிய கேபிளைக் கொண்டு கன்ட்ரோலரை நேரடியாக ஒரு லேப்டாப்பில் இணையுங்கள். இப்போது எரிந்தால், பழுது நீளக் கேபிளிலோ மறுமுனையில் உள்ள நெட்வொர்க் சுவிட்சிலோ (பல கேபிள்களை ஒன்றிணைக்கும் பெட்டி) இருக்கிறது. போர்ட் விளக்கு எரிந்தும், லேப்டாப்பிலிருந்து பிங் செய்தால் (சிறு செய்தி அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்த்தால்) பதில் வராதபோது, நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவியையும் அடையாளம் காட்டும் ஐ.பி. முகவரியைச் சரிபார்க்க வேண்டும். லேப்டாப்பில் 169.254 என்று தொடங்கும் முகவரி தெரிந்தால், அதற்கு யாரும் முகவரி வழங்கவில்லை என்று அறிந்து, கன்ட்ரோலரின் முகவரி வரிசையிலேயே வேறொரு முகவரியை லேப்டாப்புக்கு நீங்களே கொடுங்கள்.

கனெக்டரின் பித்தளை நிறத் தகடுகளில் பச்சைக் களிம்பு படிந்திருந்தால், உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். மேலிருக்கும் மெல்லிய தங்கப் பூச்சு போய், அடுத்த ஈரத்தில் களிம்பு இன்னும் விரைவாகப் பிடிக்கும். அந்த முனையைச் சில அங்குலம் வெட்டி எறிந்துவிட்டுப் புதிய கனெக்டரைக் கிரிம்ப் செய்வதே (கருவியால் அழுத்திப் பொருத்துவதே) நல்லது. கேபிள் பெட்டிக்குள் நுழையுமிடத்தில், நுழைவாயிலுக்குக் கீழே ஒரு வளைவு தொங்கும்படி விட்டால், கேபிள் வழியே வழியும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். இந்தச் சிறிய கவனத்தை விட்டுவிட்டுப் பெட்டி முழுவதும் சிலிகான் பூசுவதில் பயன் குறைவு.

பல கன்ட்ரோலர்கள் 100 எம்.பி.பி.எஸ். வேகத்தில் இயங்குகின்றன, அதற்குக் கனெக்டரின் எட்டுத் தகடுகளில் 1, 2, 3, 6 ஆகிய நான்கு மட்டுமே தேவை. குரங்கு கடித்தோ, ஏணி அழுத்தியோ கேபிளுக்குள் இருக்கும் கம்பி ஜோடிகளில் ஆரஞ்சு ஜோடி அறுந்து, கோபுரத்திலிருந்து புதுக் கேபிள் இறக்க நேரமும் இல்லாவிட்டால், கேபிளின் இரு முனைகளிலும் அதற்குப் பதிலாக நீல ஜோடியை 1, 2 ஆம் இடங்களில் போட்டுக் கிரிம்ப் செய்து அன்றைய இரவைச் சமாளிக்கலாம். கேபிள் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது. விளக்குகள் எரிந்தாலும் இடையிடையே தயங்கி நின்றால், காட்சி ஓடிக்கொண்டிருக்கும்போதே பத்து நிமிடம் தொடர்ந்து பிங் செய்யுங்கள். ஒளிக்காட்சித் தரவை நெட்வொர்க்கில் அனுப்பும் இ1.31 முறை, சேர்ந்ததா என்று சரிபார்க்காத யு.டி.பி. வழியைப் பயன்படுத்துவதால், வழியில் தொலைந்த பொட்டலம் மறுபடி அனுப்பப்படுவதில்லை. பிங்கிலும் இடையிடையே பதில் தவறினால், அதைப் பாதி அறுந்த கேபிளின் அடையாளமாகக் கொள்ளலாம்.

இனிச் சொல்லப்போவதை மிகுந்த அழுத்தத்துடன் சொல்கிறேன். தொலைவில் உள்ள ரிசீவர் பலகைகளுக்குச் சமிக்ஞை அனுப்பும் டிஃபரன்ஷியல் போர்ட்டும் அதே ஆர்.ஜே. 45 வடிவத்தில்தான் இருக்கிறது. ஆனால் அதில் ஓடுவது ஈத்தர்நெட் அல்ல, ஆர்.எஸ். 485 வகைச் சமிக்ஞை. ஒரு நவம்பர் மாலை, இருட்டிய பிறகு அவசரமாக வேலை செய்த எங்கள் குழுவில், சுவிட்சிலிருந்து வந்த கேபிள் தவறுதலாக அந்தப் போர்ட்டில் செருகப்பட்டது. மறுநாள் அந்தப் போர்ட்டிலிருந்து ரிசீவருக்கு எதுவுமே போகவில்லை. கேபிள் வழியே 24 அல்லது 48 வோல்ட்டை எப்போதும் அனுப்பிக்கொண்டிருக்கும் பேசிவ் பி.ஓ.இ. இன்ஜெக்டர் இடையில் இருந்தால் சேதம் இன்னும் பெரிதாகும். அன்று முதல் டிஃபரன்ஷியல் கேபிள்களின் இரு முனைகளிலும் சிவப்பு டேப் சுற்றாமல் நாங்கள் ஏணி ஏறுவதில்லை.

ஈத்தர்நெட் போர்ட்டே எரிந்துவிட்டதா என்று அறிய, மின்சாரத்தை நிறுத்திவிட்டு, போர்ட்டின் 1, 2 முனைகளுக்கு இடையிலும் 3, 6 முனைகளுக்கு இடையிலும் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். உள்ளே இருப்பது சிறு டிரான்ஸ்ஃபார்மரின் சுருள் என்பதால் ஓரிரு ஓம் அளவே காட்ட வேண்டும். திறந்த சுற்று என்று காட்டினால் சுருள் எரிந்துவிட்டது. சுருள் சரியாக இருந்தும், நல்ல கேபிளுடன் போர்ட் விளக்கு எரியவில்லையென்றால், அதன் பின்னாலிருந்து நெட்வொர்க் சமிக்ஞையைக் கையாளும் பி.எச்.ஒய். சிப் போயிருக்கக்கூடும், அதை வீட்டில் வைத்து மாற்றுவது எளிதன்று. ராஸ்பெர்ரி பை அல்லது பீகிள்போன் என்ற சிறு கணினிப் பலகை மீது, காட்சியை ஓட்டும் ஃபால்கன் பிளேயர் மென்பொருள் இயங்கும் அமைப்பாக இருந்தால், அதற்காகப் போர்டையே ஒதுக்கிவிட வேண்டியதில்லை. யு.எஸ்.பி. ஈத்தர்நெட் அடாப்டரைச் செருகலாம்; அல்லது காட்சிக் கோப்புகளை அதன் மெமரி கார்டிலேயே ஏற்றி, இன்னொரு பிளேயரைப் பின்தொடரும் ரிமோட் முறையில் வைத்து, நேரத்தை ஒத்திசைக்கும் சிறிய தகவலை மட்டும் வைஃபையில் அனுப்பலாம்.

இங்கு மழைக்காலத்தில் இடி விழுவது புதிதல்ல. ஆலயத்துக்கும் பங்கு இல்லத்துக்கும் இடையே திறந்தவெளியில் செம்புக் கேபிள் ஓடினால், அருகில் விழும் மின்னலே போர்ட்டை எரிக்கப் போதும். இரு கட்டடங்களுக்கு இடையே மட்டுமாவது, மின்சாரம் கடத்தாத ஃபைபர் கேபிளைப் போட்டு, இருபுறமும் மீடியா கன்வெர்ட்டர் (ஃபைபரையும் செம்புக் கேபிளையும் இணைக்கும் கருவி) வையுங்கள். அவற்றின் அடாப்டர்களை மழை படாத பெட்டிக்குள் வைத்து, இரவில் காட்சி முடிந்ததும் பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.