மதுரைய நடந்தே தேடிப் பாக்கலாம்: நாமளே க்ளூ எழுதி ஒரு ட்ரெஷர் ஹன்ட்

அரையாண்டு லீவுக்கு அக்கா பசங்க ரெண்டு பேரும் சித்தப்பா பேத்தி ஒருத்தியும் வீட்டுக்கு வந்திருந்தாங்க, எங்கயாச்சும் கூட்டிட்டுப் போலாம்னு கேட்டா "மதுரைல என்ன மாமா இருக்கு, கோயில் போன தடவையே பாத்தாச்சு"ன்னு சொல்லிட்டு போனோட குப்புறப் படுத்துட்டாங்க. எனக்கு சுருக்குன்னு ஆயிருச்சு. ரெண்டாயிரம் வருஷத்து ஊரு, இவனுங்களுக்கு ஒண்ணும் இல்லையாம். அன்னைக்கு ராத்திரி உக்காந்து பழைய நோட்டுல பத்து க்ளூ எழுதினேன், மறுநாள் காலைல மூணு பேரையும் மேலமாசி வீதில இறக்கி விட்டேன். இப்ப எங்க சொந்தத்துல யாரு வந்தாலும் இத ஒரு தடவ நடத்திடுறது. எப்படிப் பண்றதுன்னு கேக்குறவங்களுக்காக இது.

மொதல்ல ரூட்டு. ஊரு முழுக்க இழுக்காதீங்க. மதுரை பழைய ஊரு கோயிலச் சுத்தி சதுரம் சதுரமா இருக்கு, உள்ள ஆடி வீதி, அப்புறம் சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, கடைசியா வெளி வீதி. இதுக்குள்ளயே ஒரு நாளைக்கு வேண்டியது இருக்கு. ரயில்வே ஸ்டேஷன் மேக்க இருக்கிறதால அங்கிட்டு ஆரம்பிச்சு கோயில் வழியா கிழக்க வந்து திருமலை நாயக்கர் மஹால்ல முடிச்சா வெயில் ஏறுறதுக்குள்ள முடிஞ்சிரும். காலைல ஏழரைக்கெல்லாம் கிளம்பிருங்க, ஏன்னா கோயில் மத்தியானம் நடை சாத்திட்டா சாயங்காலம் நாலு மணிக்குத்தான் திறப்பாங்க, பத்து மணிக்கு மேல கியூவும் தாங்காது. கார்த்திகை மார்கழில ஐயப்ப பக்தருங்க கூட்டம் வேற, அப்ப வந்தா இன்னும் சீக்கிரம் வாங்க.

ரெண்டாவது, இதுதான் முக்கியம், க்ளூ போன்ல தேடுனா கிடைக்கிற மாதிரி இருக்கக் கூடாது. "மஹால் எந்த வருஷம் கட்டினது"ன்னு கேட்டா 1636ன்னு அவன் நின்ன எடத்துலேருந்தே சொல்லிருவான், நடக்கவே மாட்டான். நேர்ல போய் நின்னு பாத்தாதான் தெரியணும், இல்ல அங்க இருக்கிற ஒரு ஆள்கிட்ட வாயத் திறந்து கேட்டாதான் தெரியணும். பாதி க்ளூ பாக்குறது, பாதி க்ளூ கேக்குறது, நான் அப்படித்தான் பிரிச்சுக்குறேன். மதுரைல கேக்குறதுக்கு ஆளுக்கா பஞ்சம்? பூக்கட்டுற அக்காகிட்ட ஒரு கேள்வி கேட்டா பக்கத்துக் கடைக்கார அண்ணனும் சேந்து பதில் சொல்லுவாரு, ரெண்டு பேருக்கும் சண்டை வேற வரும்.

மொதல் க்ளூ எப்பவும் ஈசியா வைங்க. நான் வைக்கிறது இது: "சித்திரைல எனக்குத் தேர் ஓடும், ஆனா என் பேருல சித்திரை இல்ல. நான் எந்த வீதி?" எல்லாப் பயலுகளும் சித்திரை வீதின்னுதான் கத்துவானுங்க. யாராச்சும் வயசானவங்ககிட்ட கேட்டாதான் மாசி வீதின்னு வரும். சித்திரைத் திருவிழாத் தேர் நாலு மாசி வீதிலதான் சுத்தி வருது, முன்ன மீனாட்சி கல்யாணம் மாசி மாசத்துல நடந்துச்சு, அழகர் ஆத்துல இறங்குற திருவிழாவோட சேக்குறதுக்காக திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாத்தினாருன்னு சொல்லுவாங்க, பேரு மட்டும் வீதிக்கு அப்படியே நின்னுருச்சு. இத ஒரு டீக்கடைப் பெரியவரு சொல்லித்தான் பசங்க கேட்டாங்க, நான் சொல்லிருந்தா கேட்டிருக்க மாட்டாங்க.

அதே மேலமாசி வீதில 251ஏ நம்பர் வீடு. 1921 செப்டம்பர் 22, காந்தி இங்க மாடில தங்கியிருந்தப்பதான் சட்டை, நீள வேட்டியெல்லாம் விட்டுட்டு அரை வேட்டிக்கு மாறுனாரு. கீழ இப்ப கதர்க்கடை. க்ளூவுல "ஒருத்தர் துணியக் குறைச்ச வீட்டுல இன்னைக்கு என்ன விக்கிறாங்க"ன்னு கேட்டேன், பதிலே துணிதான். சித்தப்பா பேத்தி இதுக்கு ரொம்ப நேரம் சிரிச்சா.

அங்கேருந்து கிழக்க வந்தா சித்திரை வீதி, வண்டி விட மாட்டாங்க, நிம்மதியா நடக்கலாம். இங்க கோபுரக் க்ளூ: "மொட்டைன்னு பேரு, தலை நிறைய பொம்மை. நான் எந்தத் திசை?" வடக்குக் கோபுரம். ரொம்ப காலம் மேல வேலைய முடிக்காம வெறும் மொட்டையா நின்னுச்சு, 19-ம் நூற்றாண்டுலதான் நகரத்தார் குடும்பத்துக்காரங்க முடிச்சாங்க, முடிச்சும் பேரு போகல. கீழ மொட்டைக் கோபுரத்து முனீஸ்வரர் இருக்காரு, பேர மறக்க விட மாட்டாரு.

கோயிலுக்குள்ள போன் கிடையாது, வெளிய கவுன்ட்டர்ல குடுத்துட்டுத்தான் போகணும். மொதல்ல இது பெரிய தொல்லையாத் தெரிஞ்சுச்சு, இப்ப நினைச்சா இதுதான் வசதி. ஆளுக்கு ஒரு சின்ன நோட்டு, ஒரு பென்சில், அவ்ளோதான். போட்டோ எடுக்க முடியாதுல்ல, அதனால பாத்தத வரைஞ்சுட்டு வரச் சொல்லுங்க. வெள்ளியம்பலத்துல நடராஜர் எந்தக் காலத் தூக்கி ஆடுறாருன்னு வரைஞ்சு காட்டணும், இது என் க்ளூ. மத்த ஊருல இடது காலத் தூக்குவாரு, இங்க வலது காலு. பெரியவன் பழக்க தோஷத்துல சிதம்பரத்து மாதிரியே வரைஞ்சுட்டு வந்தான், சின்னவ அவர் முன்னாடி அதே மாதிரி ஒத்தக் கால்ல நின்னு பாத்து சரியா வரைஞ்சா. ஒரு அம்மா அவளப் பாத்துட்டு "எந்த ஊரு கண்ணு, டான்ஸ் கத்துக்குறியா"ன்னு கேட்டாங்களாம்.

ஆயிரங்கால் மண்டபத்துல 985 தூணு. தயவு செஞ்சு எண்ணச் சொல்லாதீங்க, நான் சொன்னேன், பெரியவன் நிஜமாவே எண்ண ஆரம்பிச்சுட்டான், நூத்திச் சொச்சத்துல விட்டுப் போயி மறுபடி ஒண்ணுலேருந்து போனான். அதுக்குப் பதிலா ஒரு தூணப் பாத்து அதுல என்ன சிலை இருக்குன்னு எழுதச் சொல்லலாம்.

அப்புறம் முக்குறுணிப் பிள்ளையார். தெப்பக்குளம் தோண்டுறப்ப மண்ணுக்குள்ளேருந்து கிடைச்சவருன்னு சொல்லுவாங்க. க்ளூ: "இவருக்கு சதுர்த்திக்கு ஒரே ஒரு கொழுக்கட்டை, எத்தனை படி அரிசி?" கோயில்ல கேட்டா 18 படின்னு சொல்லுவாங்க, குறுணிக்கு ஆறு படி, மூணு குறுணி. ஆனா குறுணிக்கு எட்டுப் படின்னு கணக்குச் சொல்ற ஆளும் உண்டு, அக்கா பசங்க ஒரு தாத்தாகிட்ட போய் மாட்டிட்டு 24ன்னு வந்து நின்னாங்க, சித்தப்பா பேத்தி 18ங்குறா, எனக்கும் என்ன பண்றதுன்னு தெரியல. ரெண்டுக்கும் மார்க் போட்டேன். இந்த மாதிரிக் க்ளூ வைக்கிறதுக்கு முன்னாடி பதிலு ஒண்ணுதானான்னு பாத்துக்கோங்க, இல்லாட்டி சண்டைய விலக்குறதுக்குத் தயாரா போங்க.

நான் பண்ண பெரிய தப்பு கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிர்ல இருக்கிற புதுமண்டபத்துல. சின்ன வயசுல அங்க தையல் மிஷின் சத்தத்துலதான் தீபாவளிச் சட்டை தைப்போம், தூணுக்குத் தூணு ஒரு டெய்லர், எதிர்ல புத்தகக்கடை, பாத்திரக்கடை. அந்த ஞாபகத்துல "நாயக்கர் சிலைக்குப் பக்கத்துல தைக்கிற அண்ணன்கிட்ட பேரக் கேட்டுட்டு வா"ன்னு எழுதிட்டேன். போய்ப் பாத்தா அங்க ஒரு மிஷின் இல்ல, கடைங்களையெல்லாம் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாத்தியாச்சு. எனக்குத் தெரியும், பேப்பர்ல படிச்சதுதான், கை பழைய ஞாபகத்துல எழுதிருச்சு. பசங்க அரை மணி நேரம் சுத்திட்டு மூஞ்சத் தூக்கிட்டு வந்தாங்க. அதனால க்ளூ எழுதினதுக்கப்புறம் ஒரு தடவ நீங்களே நடந்து பாத்துருங்க. போர்டு மாறியிருக்கும், கடை மூடியிருக்கும், எங்கயாச்சும் வேலை நடக்குதுன்னு தகரம் அடிச்சு வச்சிருப்பாங்க. கல்லுல இருக்கிறத வச்சு எழுதுற க்ளூ நிக்கும், கடைய நம்பி எழுதினா போச்சு.

புதுமண்டபத்துக்குக் கிழக்கால ராயகோபுரம், அடி மட்டும் இருக்கும், மேல வளரவே இல்ல. "அண்ணன் தம்பியெல்லாம் வளந்துட்டாங்க, நான் மட்டும் இடுப்போட நிக்கிறேன்"னு ஒரு வரி போதும், கண்டுபிடிச்சிருவாங்க. அங்கேருந்து கீழமாசி வீதியப் பிடிச்சு தெக்க நடந்தா விளக்குத்தூண்.

விளக்குத்தூண் க்ளூ எனக்கு ரொம்பப் பிடிச்சது: "கோட்டைய இடிச்ச ஆளுக்கு ஊரே விளக்கு வச்சிருக்கு, அது எங்க?" கலெக்டர் பிளாக்பர்ன், 1840 வாக்குல ஊரு நெருக்கடி தாங்காம கோட்டைச் சுவர இடிச்சு அகழிய மூடி ஊர அகலமாக்குனவரு. அப்ப அவரோட வேலை பாத்த சர்வேயர் மாரட்டு பேருலயும் பெருமாள் மேஸ்திரி பேருலயும் இன்னைக்கும் வீதி இருக்கு. நாம தினம் பஸ்ஸுல போறோம், மாரட் வீதின்னா ஏதோ மராட்டின்னு நானே ரொம்ப நாளா நினைச்சிட்டிருந்தேன். கோட்டை சுத்தமா அழிஞ்சும் போகல, அம்மன் சன்னதிலேருந்து கிழக்க விட்டவாசல்னு பழைய கோட்டை வாசல் ஒண்ணு தப்பிச்சு நிக்குது. நேரம் இருந்தா அதையும் ஒரு க்ளூ ஆக்குங்க, எதுக்கு "விட்ட" வாசல்னு பேரு வந்துச்சுன்னு பசங்களே யோசிப்பாங்க.

விளக்குத்தூண்லேருந்து பக்கந்தான் பத்துத்தூண் சந்து. "பத்துப் பேரு வரிசையா நிக்கிறோம், தலைக்கு மேல கூரை இல்ல, காலடில துணிக்கடை." சந்துக்குள்ள நுழைஞ்சா ஜவுளி பண்டல் தலைல இடிக்கும், மேல பூரா ஒயரு, பைக்கு ஹாரன், நிமிந்து பாத்தாதான் தெரியும், கடை போர்டுக்குப் பின்னாடி ஒரு ராட்சசக் கருங்கல் தூணு, அதுக்கு அந்தாண்ட இன்னொண்ணு. கீழ ஒரு அண்ணன் தூணுல சாஞ்சு உக்காந்து நைட்டி மடிச்சிட்டிருந்தாரு. பெரியவன் அவர்கிட்ட "அண்ணே இது என்ன கட்டடம்"னு கேட்டான், "அரண்மனை தம்பி, நாங்க இப்ப அரண்மனைக்குள்ளதான் கடை போட்டிருக்கோம்"னாரு.

அப்பதான் அவனுக்கு உறைச்சுது. அங்கேருந்து மஹாலுக்கு நடந்து போறப்ப வழியெல்லாம் எண்ணிட்டே வந்தான், இங்கேருந்து அங்க வரைக்குமா மாமா, அப்ப இந்தத் தெரு, இந்த வீடெல்லாம்? ஆமாடா. இப்ப நிக்கிறது மொத்தத்துல நாலுல ஒரு பங்குன்னு சொல்றாங்க. நாயக்கரோட பேரன் சொக்கநாதரே பெருசாப் பிரிச்சு திருச்சிக்குக் கொண்டு போயிட்டாரு, மிச்சத்த 1866லேருந்து கவர்னர் நேப்பியர் பழுது பாத்து வச்சாரு. அதனாலதான் பத்துத்தூண முன்னாடியும் மஹாலப் பின்னாடியும் வைங்கன்னு சொல்றேன், திருப்பி வச்சா மஹாலப் பாத்த கண்ணுக்கு சந்துத் தூணு ஒண்ணுமே இல்லாமப் போயிரும்.

மஹால்ல ஒரே க்ளூதான், ஒரு தூணச் சுத்தி கை கோக்க உங்க டீம்ல எத்தனை பேரு வேணும். சாயாம, சுண்ணாம்பச் சுரண்டாம. பேரு கிறுக்கி வச்ச அசிங்கத்தயும் காட்டிருங்க. எங்க மூணு பேருக்குக் கை எட்டல, என்னையும் கூப்பிட்டானுங்க.

பரிசெல்லாம் பெருசா வேணாம். திரும்ப விளக்குத்தூணுக்கு நடந்து வந்து ஆளுக்கு ஒரு ஜிகர்தண்டா, பாலு, கடல்பாசி, நன்னாரி, மேல ஐஸ்கிரீம். தோத்தவனுக்கு சின்ன டம்ளர்னு சொல்லி வச்சிருந்தேன், ஆனா முக்குறுணி பதில்ல யாரு ஜெயிச்சாங்கன்னு முடிவாகாததால மூணு பேருக்கும் பெருசுதான் வாங்க வேண்டியதாப் போச்சு.