மார்ஃப் பண்ண போட்டோவை எப்படி எடுக்க வைக்கிறது

உங்க முகத்தை ஒட்டி எவனோ ஆபாசமா ஒரு போட்டோ போட்டுட்டான்னு தெரிஞ்சதும் எல்லாரும் மொதல்ல பண்றது, மூணு புள்ளிய அமுக்கி ரிப்போர்ட் அடிக்கிறது, அப்புறம் ஃப்ரெண்ட்ஸ் அத்தனை பேரையும் அடிக்க சொல்றது. அடிங்க, தப்பில்ல. ஆனா அதோட நின்னுடாதீங்க, சட்டத்தோட கெடு ஓடணும்னா அந்த சைட்டோட கிரீவன்ஸ் ஆபீசருக்கு, அதாவது புகார் வாங்கற அதிகாரிக்கு, எழுத்துல போகணும். மத்திய அரசோட 2021 ஐடி ரூல்ஸ்படி அவர் பேரும் காண்டாக்ட்டும் சைட்லயே இருக்கணும், எங்கயாவது அடில ஒளிச்சு வெச்சிருப்பாங்க, பிளாட்ஃபார்ம் பேரோட "கிரீவன்ஸ் ஆபீசர் இந்தியா"னு தேடுங்க.

எழுதறதுக்கு முன்னாடி ஆதாரம். வெறும் ஸ்கிரீன்ஷாட் பத்தாது, போஸ்ட் லிங்க், அந்த ஐடியோட ப்ரொஃபைல் லிங்க், தேதி, நேரம் எல்லாம் எடுத்து வைங்க, ஏன்னா விஷயம் பெருசாகுதுன்னு தெரிஞ்சா அவன் பேரை மாத்திட்டு ஓடிடுவான்.

மெயில்ல கதை எழுதாதீங்க. "இது என் முகம், மார்ஃப் பண்ணது, ரூல் 3(2)(பி) படி எடுங்க", கீழ லிங்க், அவ்ளோதான். அந்த ரூல் நம்பர் ரொம்ப முக்கியம், சாதா புகாருக்கும் இதுக்கும் கெடு வேற வேற. இதுக்கு மொதல்ல 24 மணி நேரம்னு இருந்துச்சு, 2026 பிப்ரவரில 2 மணி நேரமா குறைச்சுட்டாங்க. பாதிக்கப்பட்டவங்களே எழுதணும்னு இல்ல, அவங்க சார்பா அக்காவோ ஃப்ரெண்டோ எழுதலாம், அழுதுட்டு இருக்கற புள்ளைய உக்கார வெச்சு டைப் பண்ண வைக்காதீங்க.

முடியாதுன்னு பதில் வந்தா 30 நாளுக்குள்ள கிரீவன்ஸ் அப்பீலேட் கமிட்டிக்கு, அதாவது மத்திய அரசு வெச்சிருக்கற மேல்முறையீட்டு குழுவுக்கு, போகலாம். முழுக்க ஆன்லைன்தான். இருக்கற வழிலயே மக்களுக்கு கம்மியா தெரிஞ்சது இதுதான்னு நினைக்கிறேன்.

போலீசுக்கு சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன். பெண்கள், குழந்தைகள் சம்பந்தப்பட்டதுன்னா பேர் சொல்லாமலும் புகார் பண்ணலாம், ஆனா ஆளைப் பிடிச்சு கேஸ் நடத்தணும்னா பேரோட குடுக்கறதுதான் நல்லது. 1930 பண மோசடிக்கான நம்பர், போட்டோ காட்டி காசு பறிச்சிருந்தா அதுக்கும் அடிங்க.

வேற சைட்லயும் பரவும்னு பயமா இருந்தா ஸ்டாப்என்சிஐஐனு ஒரு சைட் இருக்கு, போட்டோ உங்க போனை விட்டு போகாது, அதோட டிஜிட்டல் கைரேகை (போட்டோவை அடையாளம் காட்டற ஒரு கோடு) மட்டும்தான், அதே போட்டோ வந்தா கண்டுபிடிக்கறதுக்காக, ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் மாதிரி கம்பெனிகளுக்கு போகும். ஆனா அது 18 வயசுக்கு மேல இருக்கறவங்களுக்கு. படத்துல இருக்கறது சின்ன புள்ளைன்னா டேக் இட் டவுன்னு தனியா ஒண்ணு இருக்கு, அந்த மாதிரி படத்தை ஆதாரம்னு சொல்லி கூட யாருக்கும் ஃபார்வேர்ட் பண்ணாதீங்க, போக்சோல நீங்க மாட்டுவீங்க, லிங்க்கை மட்டும் போலீஸ்கிட்ட குடுங்க.